பழைய 486-க்குள் சிடி டிரைவ்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அலுவலகம் கழித்துவிட்ட 486 கணினியை (இன்டெல் 486 வகைச் செயலியில் ஓடும் பழைய கணினி) இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துணி போர்த்திக் காப்பாற்றி வைத்திருந்தார். ஹார்டு டிஸ்க்கைத் தவிர ஃபிளாப்பி மட்டுமே உள்ள இயந்திரம். சிடி டிரைவுக்கான இடம் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் மூடியோடு காலியாகவே இருந்தது. "தம்பி, இதற்குள்ளேயே ஒரு சிடி டிரைவ் வைத்துக் கொடுங்கள். வெளியே தொங்கவிடுவது எதுவும் வேண்டாம்" என்றார். சேலம் அஸ்தம்பட்டியில் என் மேசையில் அந்த வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. மூன்று நாளும் மூன்று வெவ்வேறு பிழைகள். மூன்றில் ஒன்றுகூட டிரைவின் குற்றம் இல்லை.

இதைத்தான் முதலில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் படிக்கவில்லை என்றவுடன் டிரைவைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ரிப்பன் கேபிளில் ஓடும் இந்த டிரைவுகளை இனி யாரும் புதிதாகச் செய்து தரப்போவதில்லை. அதனால் தண்டனை கொடுக்கும் முன்பு அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். விளக்கு, தட்டு, மோட்டார் ஓசை, லென்ஸ் நகரும் ஓசை ஆகிய நான்கும் அதன் வாய்மொழி.

மூடியைக் கழற்றும் முன்பு

பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். அந்தக் காலத்து ஏடி வகை கேபினெட்டில் முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் மின்சாரம் நேரடியாக வருகிறது. பின்னால் வந்த கணினிகளில் இருப்பது போன்ற சிறு மின்னழுத்தப் பொத்தான் அல்ல அது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கையை விடக்கூடாது.

உள்ளே பார்க்கும்போது மதர்போர்டில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ பீப்பாய் வடிவ பேட்டரி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கசிந்து, சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். மலைக் காற்றின் ஈரத்தில் கிடந்த பலகை என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சிடி டிரைவ் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை வெட்டி எடுப்பதே சரி.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு சோதனை

ரிப்பன் கேபிளைச் செருகாதீர்கள். நான்கு கம்பி மின் இணைப்பை மட்டும் கொடுத்துக் கணினியைப் போடுங்கள். நல்ல டிரைவ் என்றால் முன்விளக்கு ஒருமுறை மின்னும், பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரும். டிஸ்க் வைத்து மூடினால் சுழலும் ஓசையும், லென்ஸ் தடம் தேடும் மெல்லிய சரசரப்பும் கேட்கும். சில நொடிகளில் விளக்கு அணையும். முன்பக்கத்தில் ஹெட்ஃபோன் துளையும் பாட்டுப் பொத்தானும் உள்ள டிரைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பாட்டுச் சிடியைப் போட்டு அழுத்திப் பாருங்கள். கணினியின் உதவி இல்லாமலே அது பாடும். பாடினால் லேசர், லென்ஸ், மோட்டார் எல்லாம் நலம். பிழை கேபிளிலோ, ஜம்பரிலோ (டிரைவின் நிலையைக் குறிக்க அதன் முனைகளில் மாட்டும் சிறு செருகி), மென்பொருளிலோதான் இருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் டாஸ் இயங்குதளம் எழும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறக்க வேண்டாம்.

விளக்கு எரியவில்லை, தட்டும் அசையவில்லை

மின்சாரம் வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, கறுப்புக் கம்பிக்கும் சிவப்புக் கம்பிக்கும் இடையே அளந்தால் 5 வோல்ட், கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 12 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கலாம், அதாவது சிவப்பில் 4.75-க்குக் கீழே போகக்கூடாது. அளவு சரியாக இருந்தும் டிரைவ் உயிர் பெறவில்லை என்றால் வெள்ளைச் செருகியின் உட்பக்கத்தைப் பாருங்கள். உலோகக் குழல்களில் ஒன்று, செருகும்போது பின்னால் தள்ளப்பட்டிருக்கும். பழைய செருகிகளில் இது மிகச் சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய குறடால் முன்னுக்கு இழுத்துவிட்டால் போதும்.

விளக்கு எரிந்து, மோட்டார் மட்டும் அசையவே இல்லை என்றால் மஞ்சள் கம்பியைச் சந்தேகியுங்கள். பலகையின் மூளை 5 வோல்டில் ஓடுகிறது, மோட்டார்களுக்கு 12 வேண்டும்.

மோட்டார் முனகுகிறது, தட்டு மட்டும் வரவில்லை

ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. சேலத்துக் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்த டிரைவ் என்றால் அநேகமாக இதுதான். கணினியை அணைத்துவிட்டு, தட்டின் கீழே உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக அழுத்தினால் தட்டு சிறிது வெளியே வரும், பிறகு கையால் இழுத்துக்கொள்ளலாம்.

பெல்டை எடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அது சுற்றும் சக்கரங்களையும் துடைத்துப் பாருங்கள். வழுவழுப்பு மட்டுமே காரணம் என்றால் அதோடு சரியாகிவிடும். வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுத்தாலும் பெல்ட் சற்று இறுகும், ஆனால் அந்தப் பலன் நீடிக்காது. புதிய பெல்டுக்கு, கேசட் டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்த பழைய கடைகளைக் கேளுங்கள். பழைய பெல்டைக் கையோடு கொண்டுபோய், விட்டமும் தடிமனும் ஒத்ததை வாங்க வேண்டும். காகிதக் கட்டுக்குப் போடும் ரப்பர் வளையத்தை மாட்டாதீர்கள். அதன் இழுவை சீராக இருக்காது, சில மாதங்களில் ஒட்டுப் பசையாகி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்.

தட்டு பாதியில் உரசி நிற்கிறது

டிரைவைத் திருகும்போது சற்றுக் கோணலாக நின்றிருக்கும், அல்லது கேபினெட்டின் முன்மூடி தட்டில் இடிக்கும். திருகுகளைத் தளர்த்தி, தட்டை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு நிலை பார்த்து இறுக்குங்கள். சிடி டிரைவுக்கு வேண்டியது மூன்று மில்லிமீட்டர், நெருக்கமான புரியுள்ள திருகு. ஹார்டு டிஸ்க்குக்குப் போடும் அகலப் புரித் திருகை வலுக்கட்டாயமாக முறுக்கினால் துளை கெட்டுவிடும். நீளத் திருகும் கூடாது, உள்ளே போய் இயக்கத்தைத் தடுக்கும்.

டிரைவைச் சேர்த்தபின் கணினியே எழவில்லை

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது, திரை கறுப்பாக நிற்கிறது. ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். கேபிளின் சிவப்புக் கோடு முதல் முனைக்கு உரியது. பெரும்பாலான சிடி டிரைவுகளில் முதல் முனை மின் இணைப்பை ஒட்டிய பக்கம் இருக்கும், அதாவது சிவப்புக் கோடு மின்கம்பியைப் பார்த்து இருக்க வேண்டும். பிற்காலக் கேபிள்களில் தவறாகச் செருக முடியாதபடி நடுவில் புடைப்பும், 20-ஆம் துளையில் அடைப்பும் உண்டு. 486 காலத்துக் கேபிள்களில் இரண்டும் இல்லாதவை ஏராளம். பதற வேண்டாம், பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகுங்கள். மதர்போர்டுப் பக்கமோ கன்ட்ரோலர் அட்டைப் பக்கமோ அருகில் அச்சிட்டுள்ள 1 என்ற எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளின் நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது.

சிடி டிரைவ் வந்தது, ஹார்டு டிஸ்க் மறைந்தது

என் இரண்டாம் ஞாயிறு இதில்தான் போனது. பெரியவரின் கணினியில் கன்ட்ரோலர் அட்டைக்கு ஒரே ஒரு ஐடிஇ வாய் (ஹார்டு டிஸ்க், சிடி டிரைவுகளின் ரிப்பன் கேபிளைச் செருகும் இடம்). அதனால் ஹார்டு டிஸ்க் இருக்கும் கேபிளிலேயே சிடி டிரைவையும் இணைக்க வேண்டியிருந்தது. ஒரே கேபிளில் இரண்டு இருந்தால் ஒன்று மாஸ்டர் (முதலாவது), மற்றது ஸ்லேவ் (இரண்டாவது) ஆக வேண்டும். ஹார்டு டிஸ்க்கை மாஸ்டர், சிடி டிரைவை ஸ்லேவ் என்று ஜம்பர் வைத்தேன். ஹார்டு டிஸ்க் மறைந்துவிட்டது. சிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கினால் ஹார்டு டிஸ்க் திரும்பி வந்தது. தோட்டத்தின் பத்தாண்டுக் கூலிக் கணக்கு அதற்குள் இருக்கிறது என்று பெரியவர் சொல்லியிருந்ததால் என் கை நடுங்கியது உண்மை.

காரணம் இது: அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்குகள் சிலவற்றில் தனியாக இருப்பதற்கு ஒரு ஜம்பர் நிலை, துணையோடு மாஸ்டராக இருப்பதற்கு வேறொரு ஜம்பர் நிலை. இரண்டும் ஒன்றல்ல. ஒட்டுச்சீட்டில் உள்ள படத்தை நான் உருப்பெருக்கி வைத்துப் படித்தபோது, நான் மாஸ்டர் என்று நினைத்தது தனி நிலை என்று தெரிந்தது. ஜம்பரை ஒரு முனை தள்ளி வைத்தேன், இரண்டும் ஒன்றாக எழுந்தன. படிக்க முடியாதபடி சீட்டு அழிந்திருந்தால், டிரைவின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கான ஜம்பர் படத்தைத் தேடுங்கள், ஊகத்தில் மாற்றாதீர்கள்.

மாஸ்டர் எது, ஸ்லேவ் எது என்று கேபிளே முடிவு செய்யும் கேபிள் செலக்ட் என்ற நிலையை இந்த இயந்திரங்களில் நம்பாதீர்கள். பழைய 40 கம்பிக் கேபிள்கள் பல அதற்கு ஏற்றவை அல்ல. இரண்டாவது ஐடிஇ வாய் இருக்கும் கணினி என்றால் சிடி டிரைவை அங்கே தனியாக, மாஸ்டராக வையுங்கள். மாஸ்டர் இல்லாத கேபிளில் ஸ்லேவாக மட்டும் இருக்கும் டிரைவைப் பல கன்ட்ரோலர்கள் கண்டுகொள்வதில்லை.

பயாஸில் சிடி டிரைவின் பெயர் இல்லை

இது பிழையே அல்ல. கணினி எழும்போது முதலில் ஓடும் உள்நிரலே பயாஸ். 486 காலத்து பயாஸ்களில் பெரும்பாலானவை ஹார்டு டிஸ்க்கை மட்டுமே அறியும். சிடி டிரைவுக்கான இடத்தை 'நன்' (எதுவும் இல்லை) என்றே விட்டுவிடுங்கள். எதையாவது நிரப்பினால் எழும்போது பிழைச் செய்தி வரும். சிடியிலிருந்தே கணினியை எழுப்பும் எல் டொரிட்டோ முறை வகுக்கப்பட்டது 1995-இல்தான். ஆகவே ஃபிளாப்பியிலிருந்தோ ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ எழுப்பித்தான் சிடியைப் படிக்க வேண்டும்.

டாஸ் எழுந்தது, ஆனால் டிரைவுக்கு எழுத்து கிடைக்கவில்லை

டாஸுக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் டிரைவை அடையாளம் காணும் டிரைவர் ஒன்று, ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் அதற்கு எழுத்துக் கொடுக்கும் எம்எஸ்சிடெக்ஸ் இன்னொன்று. முன்னதற்கு விண்டோஸ் 98 துவக்க ஃபிளாப்பியில் உள்ள ஓக்சிடிராம்.சிஸ் பெரும்பாலான ஐடிஇ டிரைவுகளுக்குப் பொருந்தும். பின்னது எம்எஸ் டாஸ் 6 முதல் கூடவே வருகிறது.

எழும்போது திரையைப் பாருங்கள். முதல் டிரைவர் தன் பெயரைச் சொல்லி, டிரைவின் மாதிரிப் பெயரையும் சொன்னால் கேபிளும் ஜம்பரும் சரி. அதன்பின் எம்எஸ்சிடெக்ஸ் 'டிவைஸ் டிரைவர் நாட் ஃபவுண்ட்' என்றால் இரு கோப்புகளிலும் உள்ள பெயர் ஒத்துப்போகவில்லை. சாய்கோடு, டி, முக்காற்புள்ளி, அதன்பின் எம்எஸ்சிடி001 என்று இரண்டு வரியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சுழியத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு ஒரு நாள் முழுதும் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

முதல் டிரைவரே எந்த டிரைவையும் காணவில்லை என்று சொன்னால் மென்பொருளை விட்டுவிட்டுக் கேபிளுக்குத் திரும்புங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது, என் முதல் ஞாயிறு அதில் சிக்கியது. பெரியவரின் கணினியில் ஒலி அட்டை இருந்தது, அதில் 40 முனை வாய் ஒன்றும் இருந்தது. கேபிள் அழகாகப் பொருந்தியது. ஆனால் அது ஐடிஇ அல்ல. தொடக்கக் காலத்தில் பானசோனிக், மிட்சுமி, சோனி டிரைவுகள் ஒவ்வொன்றும் தத்தம் இணைப்பு முறையை வைத்திருந்தன. சோனிக்கு 34 முனை என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பானசோனிக், மிட்சுமி இரண்டும் 40 முனை, ஐடிஇ போலவே தோற்றம். அந்த வாயில் ஐடிஇ டிரைவைச் செருகினால் அது ஒருபோதும் பேசாது. அட்டையில் வாய்க்கு அருகே அச்சிட்ட பெயரைப் படிக்காமல் செருகக்கூடாது.

ஐடிஇ என்றே அச்சிட்ட வாயுள்ள ஒலி அட்டைகளும் பின்னால் வந்தன. அவற்றில் இணைக்கலாம். ஆனால் அட்டைக்குரிய துவக்க மென்பொருள் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் சிடி டிரைவர் வரிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையேல் அந்த வாய் உறங்கிக்கொண்டே இருக்கும்.

டிரைவ் வந்தது, விளையாட்டு மட்டும் நினைவகம் போதாது என்கிறது

ஓக்சிடிராம் ஏறக்குறைய 35 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டாஸ் நிரல்களுக்கான 640 கிலோபைட்டில் அது பெரிய பங்கு. ஏசர் நிறுவனத்தின் வைட்-சிடிடி.சிஸ் சுமார் 5 கிலோபைட்டில் அதே வேலையைச் செய்கிறது, நான் அதைத்தான் வைக்கிறேன். டிஸ்க்கில் படித்ததை நினைவகத்தில் வைத்து வேகம் கூட்டும் ஸ்மார்ட்டிரைவ் நிரலைப் பயன்படுத்துபவர்கள் அதன் வரியை எம்எஸ்சிடெக்ஸ் வரிக்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் சிடிக்கு அதன் பலன் கிடைக்காது.

எழுத்து வந்துவிட்டது, டிஸ்க் படிக்கவில்லை

'நாட் ரெடி ரீடிங் டிரைவ்' என்ற செய்தியைப் பார்த்தவுடன்தான் பெரும்பாலோர் டிரைவைக் கைவிடுகிறார்கள். பொறுமை வேண்டிய இடம் இது.

மூன்றாம் ஞாயிறு ஒரு டிசம்பர் காலை. வேலைக்கு நான் என் டிரைவையே வைத்திருந்தேன். பெரியவரோ அலுவலகம் அந்தக் காலத்தில் வாங்கிப் பொருத்தாமலே விட்ட டிரைவை ஒரு தகரப் பெட்டியில் கண்டெடுத்து, "இதுதான் இதற்குள் இருக்க வேண்டும்" என்று பஸ்ஸில் எடுத்துவந்தார். மேலே ஏற்காடு சுமார் 1515 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் நனைந்துகொண்டிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்ததும் என் அறையில் வெதுவெதுப்பான காற்று. உடனே பொருத்திப் போட்டோம். விளக்கு மின்னியது, மோட்டார் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது, படிக்கவில்லை. குளிர்ந்த பொருள் வெதுவெதுப்பான ஈரக் காற்றுக்கு வந்தால் அதன்மேல் பனி படியும், குளிர்ந்த நீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல. லென்ஸில் அதுதான் படிந்திருந்தது. டிரைவை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து அதே டிஸ்க்கைத் தடுமாறாமல் படித்தது. சேர்வராயன் மலையிலிருந்து இறக்கிவரும் எந்த இயந்திரத்தையும் அன்றே போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, கட்டை அவிழ்க்காமல் அறையின் வெப்பத்துக்கு வரவிடுங்கள், ஈரம் பையின் மேல் படியும், உள்ளே படியாது.

காத்திருந்தும் படிக்கவில்லை என்றால் பாட்டுச் சிடி, கடையில் அச்சிட்டு விற்ற சிடி, நீங்களே எழுதிய சிடி என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள். அச்சிட்டது ஓடி, எழுதியது ஓடவில்லை என்றால் டிரைவ் நலம், டிஸ்க்தான் பொருந்தவில்லை. அச்சிட்ட சிடி லேசர் ஒளியில் 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் சிடி 15 முதல் 25 விழுக்காடு மட்டுமே. 1997-க்கு முந்தைய டிரைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மங்கல் ஒளி போதாது. ஒருமுறை மட்டும் எழுதும் சிடியை வாங்கி, குறைந்த வேகத்தில் எழுதி, முடிவில் எழுதும் நிரலில் டிஸ்க்கை மூடும் 'ஃபைனலைஸ்' தேர்வைக் கொடுத்து முடியுங்கள். 80 நிமிட டிஸ்க்கை விட 74 நிமிட டிஸ்க் கிடைத்தால் நல்லது. கோப்புப் பெயர்களைப் புள்ளிக்கு முன் எட்டு எழுத்தும் பின் மூன்று எழுத்துமாகச் சுருக்கி, ஐஎஸ்ஓ 9660 முறையில் எழுதினால் டாஸ் தடையின்றிக் காட்டும்.

டிஸ்க்கின் முதல் கோப்புகள் திறந்து, கடைசிக் கோப்புகள் தடுமாறினால் அது வேறு நோய். சிடி உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் படிக்கப்படுகிறது. லென்ஸ் வண்டி வெளி ஓரத்துக்குப் போக முடியவில்லை என்று பொருள். அது ஓடும் தண்டில் கிரீஸ் மெழுகாகக் கெட்டியாகியிருக்கும். பழையதைத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத சிலிகான் கிரீஸை மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் எந்திர எண்ணெயோ வேண்டாம்.

எந்த டிஸ்க்கும் ஓடவில்லை என்றால் லென்ஸைத் துடையுங்கள். மலைவீடுகளில் கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது போல இதிலும் பிடிக்கும். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, எடையே இல்லாமல் ஒரு சுற்று. லென்ஸ் மயிர்போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கோணிவிடும். திறந்து வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்து லென்ஸைப் பார்க்கவே கூடாது. அதன் ஒளி 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் ஆபத்து. லேசர் பக்கத்தில் உள்ள சிறு திருகு மின்தடையைத் திருப்பி ஒளியைக் கூட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சில நாள் படிக்கும், பிறகு லேசர் நிரந்தரமாக அணைந்துவிடும்.

டிஸ்க் சுழலத் தொடங்கியதும் கணினி மறுபடி முதலிலிருந்து எழுகிறது

பவர் சப்ளை களைத்துவிட்டது. டிஸ்க் சுழலும் அந்த நொடியில் சிவப்புக் கம்பியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். முள் 4.75-க்குக் கீழே சாய்ந்தால் உள்ளே கெபாசிட்டர்கள் வறண்டிருக்கின்றன. அணைத்த பிறகும் அதற்குள் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும், பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விண்டோஸ் 95-இல் எல்லாம் மெதுவாக நகர்கிறது

கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், பர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறங்கள். எம்எஸ் டாஸ் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருந்தால், டாஸுக்காக எழுதிய இரு வரிகளின் முன்னும் ரெம் என்ற சொல்லைச் சேர்த்து முடக்கிவிட்டு மறுபடி எழுப்புங்கள். விண்டோஸுக்குத் தன் சொந்த டிரைவர் உண்டு. வரிகளை அழிக்க வேண்டாம், டாஸ் விளையாட்டுக்கு மறுபடி தேவைப்படும்.

கோப்பு திறக்கிறது, பாட்டு மட்டும் கேட்கவில்லை

பாட்டுச் சிடியின் ஒலி இந்தக் கணினிகளில் ரிப்பன் கேபிள் வழியாக வருவதில்லை. டிரைவின் பின்னால் ஜம்பருக்கு அருகில் நான்கு முனை வாய் இருக்கும். அங்கிருந்து ஒலி அட்டைக்கு ஒரு மெல்லிய கேபிள் தனியாகப் போக வேண்டும். இடது, வலது, நடுவே இரண்டு பூமிக் கம்பிகள். அட்டைப் பக்கத்தின் வாய் அளவு மாறுபடும் என்பதால் பொருந்தும் கேபிளைத் தேடித்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு காதில் மட்டும் கேட்டால் கம்பி வரிசை மாறியிருக்கிறது, செருகியிலிருந்து ஊசியால் கம்பியை எடுத்து இடம் மாற்றலாம். கேபிள் சரியாக இருந்தும் மௌனம் என்றால் ஒலி அட்டையின் மிக்சர் நிரலில் சிடி அளவு சுழியத்தில் இருக்கும்.

பெரியவரின் கணினியில் அதுதான் கடைசியாக மிச்சமிருந்தது. மிக்சரில் சிடி அளவைப் பாதிக்கு ஏற்றினேன். அவர் பையிலிருந்து எடுத்த நாதஸ்வரச் சிடியின் முதல் தடம் ஸ்பீக்கரில் எழுந்தது. கணினியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அந்தத் தடம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மாலை பஸ்ஸுக்கு முன்பு டிஸ்க்கை வெளியே எடுத்து, தட்டை மூடி, ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மலைக்கு அனுப்பினேன்.